சுவாதியின் தளர்ந்த பிடி
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் அச்சிடத் தலைப்பு கேட்டபோது ‘ஓர் ஆரஞ்சு ராட்சத விண்மீனின் இயற்பியல் பண்புகள்’ என்று எழுதிக் கொடுத்தேன். பாடத்திட்டத்தின் ஓர் அலகைப் போல இருக்கிறதே என்று ஒரு நண்பர் குறைபட்டார். அப்படித்தான் இருக்கிறது, வேண்டுமென்றே வைத்த தலைப்பு அது. பாடநூலில் இந்தப் பண்புகள் அட்டவணையாக வருகின்றன. நிறை இவ்வளவு, ஆரம் இவ்வளவு, வெப்பநிலை இவ்வளவு என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்ததும் மறப்பார்கள். அந்த அட்டவணையின் பெரும்பகுதி ஒரே எண்ணிலிருந்து கிளைப்பது என்பதுதான் இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து. அந்த எண் விண்மீனின் மேற்பரப்பு ஈர்ப்பு: தன் மேனியில் இருக்கும் வாயுவை அது எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதன் அளவு. ராட்சத விண்மீனில் அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது. மற்ற பண்புகளில் பலவும் அந்தத் தளர்ச்சியின் விளைவுகள்.

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசுவதாகிவிடும் என்பதால் ஒரே விண்மீனை எடுத்துக்கொள்கிறேன். நாம் சுவாதி என்கிறோம். உலகம் ஆர்க்டரஸ் என்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் எதிர்ப்படும் முதல் பிரகாசமான விண்மீன் அதுதான். சித்திரை மாத நள்ளிரவில் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். இரவு வானில் சிரியஸ், கனோபஸ், ஆல்பா செண்டாரி ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது பிரகாசம் அதற்கு. வடக்கு வான அரைக்கோளத்தில் முதலிடம். நிறத்தை வெறுங்கண்ணால் பார்த்தாலே தெரியும்.

அரங்கில் காட்டிய நிறமாலைப் படங்களையும் கரும்பலகைக் கணக்குகளையும் இந்த அச்சு வடிவில் விட்டுவிட்டேன்.

1

முதலில் தொலைவைச் சொல்ல வேண்டும். தொலைவு தெரியாதவரை ஒரு விண்மீனின் உண்மையான ஒளிர்வும் தெரியாது, அளவும் தெரியாது. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் தந்த அளவின்படி சுவாதி 36.7 ஒளி ஆண்டு தொலைவில் இருக்கிறது. 1930களில் இதை 40 என்று கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் 1933 மே 27 அன்று சிகாகோ உலகக் கண்காட்சியைச் சுவாதியின் ஒளியைக் கொண்டே திறந்துவைத்தார்கள். தொலைநோக்கியில் பிடித்த ஒளியை ஒளிமின் கலத்தில் விழச்செய்து, அதில் பிறந்த மின்னோட்டத்தைப் பெருக்கி, கண்காட்சியின் விளக்குகளை எரியவிட்டார்கள். அதே நகரில் 1893இல் நடந்த கண்காட்சியின்போது புறப்பட்ட ஒளி இது என்பதுதான் அதன் சிறப்பு. இன்றைய அளவின்படி அது புறப்பட்டது 1896இல். பழைய கண்காட்சி முடிந்து மூன்றாண்டு ஆகியிருந்தது!

தொலைவு கிடைத்ததும் ஒளிர்வு கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுவாதி சூரியனைப் போல 110 மடங்குக்குச் சற்று மேல். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்தால் 200 மடங்கை நெருங்கும். அதன் மேற்பரப்பு வெப்பநிலையோ ஏறத்தாழ 4,290 கெல்வின்தான், சூரியனுடையது 5,772. வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத்தான் ஒரு பரப்பு ஒளியை வீசும். எனவே சுவாதியின் ஒரு சதுர மீட்டர், சூரியனின் ஒரு சதுர மீட்டர் தருவதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தருவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் மங்கலான பரப்பு, மொத்தத்தில் இத்தனை ஒளி என்றால், பரப்பு அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்திருக்க வேண்டும். ஆரம் 25 மடங்கு.

இந்தத் தர்க்கத்தை முதலில் தெளிவாக முன்வைத்தவர் டென்மார்க்கின் ஐனார் ஹெர்ட்ஸ்ப்ருங். 1905இல் அவர் அதை வெளியிட்டது ஒரு புகைப்படவியல் இதழில். வானியலாளர்கள் கண்ணில் பட நாளாயிற்று. அவருக்கு முன்பே ஹார்வர்டில் ஆண்டோனியா மோரி, சில விண்மீன்களின் நிறமாலைக் கோடுகள் வழக்கத்தைவிடக் கூர்மையாக இருப்பதைத் தன் 1897 பட்டியலில் தனியே குறித்து வைத்திருந்தார். கூர்மையான கோடுகள் உள்ளவை பேரொளி கொண்டவை என்று ஹெர்ட்ஸ்ப்ருங் கண்டார். வாயு நெருக்கமாக இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கோடுகள் அகலும். அழுத்தம் குறைந்தால் கோடுகள் கூரும். அழுத்தம் குறைவு என்றால் பிடி தளர்வு. மோரியின் கண்ணில் பட்டது மேற்பரப்பு ஈர்ப்பின் கைரேகைதான் என்பது என் கருத்து. அன்று அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தெரியவில்லை.

ஆரத்தை நேரடியாக அளக்கும் வழி 1920 டிசம்பரில் பிறந்தது. மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியின் தலையில் ஆறு மீட்டர் நீள உத்திரத்தைக் கட்டி, அதன் இரு முனைகளிலிருந்தும் வந்த ஒளியைக் கலந்து, மைக்கல்சனும் பீஸும் திருவாதிரையின் விட்டத்தை அளந்தார்கள். அடுத்த ஆண்டே சுவாதியின் முறை வந்தது. அதன் கோண விட்டம் ஒரு வில்வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. 245 கிலோமீட்டர் தள்ளி வைத்த பழைய ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்ப்பது போல. உத்திரத்தின் முழு நீளமும் தேவைப்பட்டது. இன்றைய கருவிகள் அந்த மதிப்பை நுணுக்கமாக்கியிருக்கின்றனவே தவிர, மாற்றிவிடவில்லை.

2

இனி மையப் புள்ளி. சுவாதியின் நிறை சூரியனைப் போல ஏறத்தாழ 1.08 மடங்கு. கிட்டத்தட்ட அதே எடை. ஆரம் 25 மடங்கு. ஈர்ப்பு, ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், சுவாதியின் மேற்பரப்பில் அது சூரியனில் இருப்பதில் அறுநூறில் ஒரு பங்கு. அலகுகளில் சொன்னால், சூரியனில் நொடி வர்க்கத்துக்கு 274 மீட்டர், சுவாதியில் அரை மீட்டருக்கும் குறைவு. பூமியில் 9.8. நிலவில் 1.6. முப்பத்தைந்து மில்லியன் கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம், தன் மேனியில் நிற்கும் பொருளை நம் நிலவு இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இழுப்பதில்லை. ராட்சதன் என்ற பெயரைக் கேட்டதும் மனத்தில் எழும் படத்துக்கு இது நேர் எதிரானது. சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டாலும் அதேதான்: நாம் மூச்சுவிடும் காற்றின் அடர்த்தியில் பன்னிரண்டில், பதின்மூன்றில் ஒரு பங்கு.

ஏன் இப்படி ஊதியது? மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்து ஹீலியம் சாம்பல் சேர்ந்துவிட்டது. ஹீலியம் பற்றிக்கொள்ளும் அளவுக்கு இன்னும் சூடு ஏறவில்லை. எனவே கரு சுருங்குகிறது. அதைச் சுற்றிய மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் மும்முரமாக எரிகிறது. சூரிய நிறையில் மூன்றில் ஒரு பங்கு அளவு, பூமியைப் போலச் சில மடங்கே ஆரமுள்ள ஓர் உருண்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. 1942இல் ஷோன்பெர்க்கும் சந்திரசேகரும், எரிபொருள் தீர்ந்த கரு விண்மீனின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலுள்ள சுமையைத் தாங்க முடியாது என்று காட்டினார்கள். சூரியன் அளவுள்ள விண்மீன்களில் எலெக்ட்ரான்களின் நெருக்கடி அழுத்தம் வந்து முட்டுக்கொடுப்பதால் அந்தச் சரிவு மெதுவாக நடக்கிறது. கரு சுருங்கச் சுருங்க வெளியுறை விரிகிறது. எந்தக் கணினியில் சமன்பாடுகளைத் தீர்த்தாலும் இந்த விரிவு வந்துவிடுகிறது. ஆனால் அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் வல்லுநர்களே இன்றும் ஒத்துப்போவதில்லை. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் மாணவர்களுக்குச் சலுகை காட்டுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

3

பிடி தளர்ந்து உறை விரிந்தால் மேற்பரப்பு குளிர வேண்டும், குளிர்ந்திருக்கிறது. ஆனால் ஏன் ஆரஞ்சோடு நின்றுவிட்டது? ஆரம் இருபத்தைந்து மடங்கு விரிந்தும் வெப்பநிலை நான்கில் ஒரு பங்குதான் இறங்கியிருக்கிறது. அலசிப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒரு விண்மீனின் மேற்பரப்பு என்பது, வெளியிலிருந்து உள்ளே பார்க்கும் பார்வை தடைபடும் ஆழம். இந்த வெப்பநிலையில் பார்வையைத் தடுப்பது எது என்று நெடுங்காலம் குழம்பியிருந்தார்கள். ஹைட்ரஜன் அணு ஓர் உபரி எலெக்ட்ரானை லேசாக ஒட்டவைத்துக்கொண்டு எதிர்மின் அயனியாகத் திரிகிறது, அதுதான் ஒளியை விழுங்குகிறது என்று 1939இல் ரூப்பர்ட் வில்ட் சொன்னார். அது எவ்வளவு விழுங்கும் என்பதை 1940களில் நுணுக்கமாகக் கணக்கிட்டவர்களில் முதன்மையானவர் சந்திரசேகர். கருந்துளையோடும் வெள்ளைக் குறுமீனோடும் மட்டுமே அவர் பெயரை இணைத்துப் பேசுகிறோம். சூரியனையும் சுவாதியையும் பார்க்கும்போது நம் பார்வை எங்கே நிற்கிறது என்பதைக் கணக்கிட்டதிலும் அவர் கை இருக்கிறது.

அந்த உபரி எலெக்ட்ரான் எங்கிருந்து வருகிறது? நாலாயிரத்துச் சொச்சம் கெல்வினில் ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானை விடாது. சோடியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு போன்ற சிறுபான்மைத் தனிமங்கள்தான் விட்டுக்கொடுக்கும். எந்த வெப்பநிலையில் எது எவ்வளவு விடும் என்பதற்கு 1920இல் மேகநாத் சாஹா தந்த சமன்பாடு இருக்கிறது. வெப்பம் குறையக் குறைய இந்தக் கொடையும் வற்றுகிறது. எலெக்ட்ரான் இல்லையென்றால் எதிர்மின் அயனி இல்லை. அயனி இல்லையென்றால் வாயு தெளிந்துவிடும். தெளிந்தால் நம் பார்வை இன்னும் ஆழத்துக்கு, இன்னும் சூடான அடுக்குக்குப் போகும். ஆக, மேற்பரப்பு அதிகம் குளிர முயன்றால் மேற்பரப்பே உள்ளே நகர்ந்து சூட்டை மீட்டுக்கொள்கிறது. 1961இல் சுஷிரோ ஹயாஷி இதற்கு ஓர் எல்லைக்கோடு வரைந்தார். அதற்குக் குளிர்ந்த பக்கத்தில் ஒரு விண்மீன் சமநிலையில் இருக்க முடியாது. ராட்சத விண்மீன்கள் அந்தக் கோட்டை உரசிக்கொண்டு மேலே ஏறுகின்றன.

அந்த ஏற்றத்தில் ஒரு விண்மீன் எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்வதும் ஈர்ப்புதான். புனர்பூசத்தின் பொலக்ஸ் சூரியனைப் போல ஒன்பது மடங்கு ஆரம் கொண்டது. மஞ்சள் கலந்த வெளிர் ஆரஞ்சு. சுவாதி 25. ரோகிணி என்னும் அல்டெபரான் 44 மடங்கு. வெப்பநிலை 3,900 கெல்வின் அளவு, நிறம் இன்னும் சிவப்பு. மூன்றையும் ஒரே இரவில் பார்க்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிடி தளரத் தளர நிறம் சிவக்கிறது, ஆனால் தயங்கித் தயங்கி.

4

சூரியனின் மேனி ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைகிறது. உள்ளே கொதிக்கும் வாயு எழுப்பும் ஒலியலைகளின் வேலை அது. எந்தக் கால அளவில் அசைவு ஓங்கும் என்பதை நிர்ணயிப்பதும் பெரும்பாலும் மேற்பரப்பு ஈர்ப்புதான். சுவாதியின் ஈர்ப்பு சூரியனில் இருப்பதில் அறுநூறில் ஒரு பங்கு என்பதால், ஐந்து நிமிடத்தை அறுநூறால் பெருக்கி, குளிர்ச்சிக்காகச் சற்றுக் குறைத்துக்கொண்டால் இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக வரும். 1980களின் இறுதியிலிருந்து சுவாதியில் கண்ட அசைவுகள் இரண்டு முதல் மூன்று நாள் அளவிலேயே இருக்கின்றன. இவ்வளவு எளிய பெருக்கல் இவ்வளவு அருகில் கொண்டுவிடுவது இயற்பியலில் அரிது.

சூரியப் பரப்பில் கொதிக்கும் குமிழ்கள் ஒவ்வொன்றும் ஆயிரம் கிலோமீட்டர் அளவில், பல இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஈர்ப்பு தளர்ந்த மேனியில் குமிழ்கள் அதே விகிதத்தில் பெரிதாகும். சுவாதியில் ஆயிரக்கணக்கில்தான் இருக்க முடியும்.

5

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றவற்றை வேகமாகக் கடந்தேன். சுவாதியின் நிறமாலையில், ஊதா ஓரத்தில், கால்சியத்தின் ‘கே’ கோடு ஆழமான அகன்ற கருங்கோடாக இருக்கும். அதன் நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரியும். ஒளிமண்டலத்துக்கு மேலே உள்ள நிறமண்டலம் எழுப்பும் கீற்று அது. மவுண்ட் வில்சனில் ஒலின் வில்சனும் வைணு பாப்புவும் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட குளிர்ந்த விண்மீன்களில் அந்தக் கீற்றின் அகலத்தை அளந்து 1957இல் வெளியிட்டார்கள். கீற்று பிரகாசமாக இருந்தாலும் மங்கலாக இருந்தாலும், அதன் அகலம் மட்டும் விண்மீனின் உண்மையான ஒளிர்வோடு நேர்க்கோட்டில் பொருந்தியது. குறுமீன் முதல் பெரும் ராட்சதன் வரை, ஒளித்தர அளவில் பதினைந்து படிகள் தாண்டியும் அந்தக் கோடு வளையவில்லை.

ஒரு கீற்றின் அகலத்துக்கு விண்மீனின் மொத்த ஒளிர்வு எப்படித் தெரியும்? தெரியாது. அதற்குத் தெரிவது ஈர்ப்பு. 1970களில் வந்த விளக்கம் இதுதான்: பிடி தளர்ந்தால் நிறமண்டலத்தில் அதிக வாயு தடித்து நிற்கிறது, அந்தத் தடிப்பு கீற்றை அகலமாக்குகிறது. ஒளிர்வு மிகுந்த விண்மீன் பெரியது, பெரியது ஈர்ப்புக் குறைந்தது. அந்த வழியாகத்தான் ஒளிர்வுக்கு உறவு கிடைக்கிறது. நம் பாடநூல்கள் வில்சன்–பாப்பு விளைவைத் தொலைவு காணும் உத்தியாக மட்டும் அறிமுகப்படுத்துகின்றன. செயற்கைக்கோள்கள் தொலைவை நேராக அளக்கத் தொடங்கிவிட்ட பின் அந்தப் பயன் மங்கிவிட்டது. விண்மீனின் பிடியை அளக்கும் கருவி என்று அறிமுகப்படுத்தினால் அதன் பெருமை குறையாது என்று நினைக்கிறேன்.

பாப்பு சென்னையில் 1927இல் பிறந்தவர். ஐதராபாத்தில் வளர்ந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து ஆய்வகம் அமைத்ததும் அவர்தான். 1982இல் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே அவர் பெயரோடு திறக்கப்பட்டது. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் காவலூருக்குப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். உயர்ந்த கைகளின் எண்ணிக்கையை அச்சில் போட வேண்டாம்.

6

ஈர்ப்பு தளர்ந்தால் வளிமண்டலம் உயரும். சூரியனில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஏறினால் அடர்த்தி மூன்றில் ஒரு பங்காகிவிடும். சுவாதியில் அதற்கு அறுபதாயிரம் கிலோமீட்டர் ஏற வேண்டும். பூமியின் விட்டத்தில் ஐந்து மடங்கு அளவு. அவ்வளவு பரந்த மென்வாயுவில் சூடும் குளிரும் அருகருகே குடியிருக்கின்றன. ஒரு பக்கம் நிறமண்டலத்தின் சூடான வாயு; இன்னொரு பக்கம் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் சேர்ந்து கதிர்வீசிக் குளிர்ந்த பகுதிகள். 2002இல் நீராவியின் தடயம்கூட அகச்சிவப்பு நிறமாலையில் கிடைத்தது.

சூரியனுக்கு இருப்பது போல மில்லியன் கெல்வின் கொரோனா சுவாதியில் ஏறக்குறைய இல்லை. எக்ஸ் கதிர்களில் மிக மிக மங்கலாகவே தெரிகிறது. சூரியனிலிருந்து தப்பிக்க நொடிக்கு 618 கிலோமீட்டர் வேகம் வேண்டும். இங்கே 127 போதும். வாயு கொதித்துக் காத்திருக்கத் தேவையில்லாமல், நொடிக்குச் சில பத்துக் கிலோமீட்டர் வேகக் குளிர்ந்த காற்றாக மெதுவாகக் கழன்று போகிறது. சூரியக் காற்று எடுத்துச் செல்வதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பொருள் இதில் போகிறது.

7

என் கருத்துக்கு எல்லையும் இருக்கிறது. சுவாதியில் இரும்பு சூரியனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக்சிஜனும் மக்னீசியமும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஈர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது பிறந்த இடத்தின், காலத்தின் அடையாளம். அதன் நகர்வும் அதே கதையைச் சொல்கிறது. 1718இல் எட்மண்ட் ஹாலி, பண்டைய கிரேக்கப் பட்டியலில் குறித்த இடத்திலிருந்து சுவாதி நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த இடைக்காலத்தில் ஒரு பாகைக்கும் மேல் விலகியிருந்தது. சூரியனைப் பொறுத்து நொடிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வேகம். பால்வீதியின் தடித்த தட்டைச் சேர்ந்த பழைய விண்மீன் அது. வயது ஏழு பில்லியன் ஆண்டு அளவில் மதிப்பிடுகிறார்கள். 1971இல் ஒலின் எக்கன் அதே போக்கில் செல்லும் விண்மீன் கூட்டம் ஒன்றை அடையாளம் கண்டார். நம் பால்வீதி விழுங்கிய சிறு பால்வீதியின் மிச்சம் அது என்று 2004இல் ஒரு குழு சொன்னது. அந்தக் கூட்டத்தின் விண்மீன்களின் தனிமச் சேர்க்கை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் அந்த யோசனைக்கு இன்று ஆதரவு குறைவு. எனக்கும் அது ஏற்புடையதாக இல்லை.

இன்னொரு கேள்வியும் திறந்தே கிடக்கிறது. சுவாதியின் கருவில் ஹீலியம் இன்னும் பற்றவில்லை என்று இரண்டாம் பகுதியில் சொன்னேன். பெரும்பாலோர் கருத்து அதுவே. ஹீலியம் எரிந்து முடித்து இரண்டாம் முறை ஏறிக்கொண்டிருக்கும் விண்மீனும் வெளியிலிருந்து பார்க்க ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். மேற்பரப்பு ஈர்ப்பு கருவின் கதையைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது விண்மீனின் அதிர்வு. 2011இல் கெப்ளர் விண்கலத் தரவுகளைக் கொண்டு, ஓட்டில் மட்டும் எரியும் ராட்சதர்களையும் கருவில் ஹீலியம் எரியும் ராட்சதர்களையும் அதிர்வு இடைவெளிகளாலேயே பிரித்துக் காட்டினார்கள். கெப்ளர் பார்த்த வான்பகுதியில் சுவாதி இல்லை. டெஸ் விண்கலம் ஒரு பகுதியைத் தொடர்ந்து 27 நாள் பார்க்கும். மூன்று நாள் அசைவுக்கு அது ஒன்பது, பத்துத் துடிப்புகள்தான். சுவாதியைப் பிடிக்கப் பெரிய ஆடி தேவையில்லை. நல்ல நிறமாலைமானி பொருத்திய சிறு தொலைநோக்கிகள், வெவ்வேறு தீர்க்கரேகைகளில், ஆண்டில் பல மாதங்கள் விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேரம் ஒதுக்கும் குழுக்கள் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைக் கடைசியில் வைப்பது வழக்கம். கல்லூரித் தொலைநோக்கிகளுக்கு அந்தக் குழுக்கள் இல்லை. உங்கள் இயற்பியல் துறையின் மொட்டைமாடியில் ஒன்று உறை போர்த்தி நிற்பதைக் காலையில் பார்த்தேன். நிறமாலைமானி வாங்க எவ்வளவு ஆகும் என்பதைத் துறைத் தலைவரோடு தேநீர் வேளையில் பேசலாம்.